காப்பிக் களத்தில் ஒரு பாய்மரம்

என் தம்பியின் மனைவி எங்கள் வீட்டு வாசலுக்கு முதன்முதலாக வந்தபோது அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்து நான்கு வருடம் ஆகியிருந்தது. நான் வயர்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏற்காட்டிலேயே இருந்தேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் இஸ்திரிப் பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு முன்வாசலில் உட்கார்ந்திருந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியே குடை பிடித்து ஒரு அம்மாள் நிற்பதைப் பார்த்து, இஸ்திரிப் பெட்டியைத் திரும்ப வாங்கிப்போக வந்தவர் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டின் கொக்கியை அவள் தொடவில்லை.

"ஏனுங்க, அவருக்குப் பேச்சு போயிருச்சுங்க" என்றாள். "தொண்டையில ஆபரேசன் பண்ணிக் குரலையே எடுத்துட்டாங்க. உங்களைக் கூட்டியாரச் சொல்லி எழுதிக் காட்டுனாருங்க. போட்டுல வயரிங் வேலை இருக்குதாமுங்க."

அவர்கள் மலைக்குத் திரும்பி வந்துவிட்டதை நான் கேள்விப்பட்டிருந்தேன். கடைவீதி முழுக்க அதே பேச்சாகத்தான் இருந்தது. ஒரு லாரியில் படகை ஏற்றிக்கொண்டு வந்தார்களாம். அதன் பாய்மரம் லாரிக்குப் பின்னால் அத்தனை தூரம் நீட்டிக்கொண்டிருந்ததால் சேலம் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்ப முடியாது என்று குப்பனூர் வழியாகச் சுற்றி ஏற்றினார்களாம். மலை உச்சிக்குப் படகு கொண்டுவந்த ஆள் என்று சிரித்தார்கள். அந்த ஆள் என் தம்பி என்று தெரிந்தவர்கள் என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள்.

என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். வாங்க என்று அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு, மாரமங்கலம் பஸ்ஸைப் பிடிக்க இறக்கத்தில் வேகமாக நடந்தாள்.

எங்கள் அப்பா சேலத்திலிருந்து மேலே வந்து மளிகைக் கடை வைத்தவர். அவர் சீக்கிரமே போய்விட்டார். குடும்பத்தில் மூத்தவன் நான். தம்பி ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தபோது, அங்கே காப்பிப் பழம் பறிக்க வந்த பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண். கூடாது என்றேன். அவன் கேட்கவில்லை. அவளை விட்டுவிட்டு வந்தால் வா, இல்லாவிட்டால் இந்த வாசற்படியை மிதிக்காதே என்று நாலு பேர் கேட்கச் சொன்னேன். அவன் அவளைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனான். துறைமுகத்துப் பக்கம் பாய்ப்படகு ஓட்டுகிற கிளப் ஒன்றில் படகுகளைக் கழுவும் வேலையில் சேர்ந்து, பிறகு அவற்றைப் பழுது பார்க்கிறவனாக ஆனான். கடலையே பார்த்திராத பையன்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு முறை அவன் வந்தான். கல்யாணமாகி இரண்டாம் வருடம், அம்மா இறந்தபோது.

மறுநாள் நான் மாரமங்கலம் போனபோது அவன் வீட்டுக் களத்தில் நின்றுகொண்டிருந்தான். அது அவன் மாமனார் கடைசிக் காலத்தில் கட்டிய சின்ன வீடு. முன்னால் காப்பிக் கொட்டை காயப்போடுகிற சிமெண்டுக் களம். ஓரத்தில் மிளகுக்கொடி ஏறிய சவுக்கு மரத்தடியில், பழைய லாரி டயர்கள்மேல் படகு உட்கார்ந்திருந்தது. ஜீப்பைவிடக் கொஞ்சம் நீளம், முன்பக்கம் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு சின்ன அறை. வெள்ளைப் பெயிண்ட் அங்கங்கே உரிந்திருந்தது. பாய்மரத்தைக் கழற்றி, களத்தின் குறுக்கே நாலு முக்காலிகள்மேல் படுக்கப் போட்டிருந்தார்கள். அலுமினியக் குழாய். உள்ளே காலி. அதற்குள்தான் உச்சி விளக்குக்கு வயர் ஓட வேண்டும்.

தம்பி இளைத்திருந்தான். கழுத்தில் வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டியிருந்தான். மூச்சு அந்தத் துணிக்குப் பின்னால் இருந்த ஓட்டை வழியாகப் போய் வந்தது. துணி உள்ளே போவதும் வெளியே வருவதும் தெரிந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்க முயன்றேன், கண் அந்தத் துணிக்கே போயிற்று. அவன் என் பையைக் காட்டி, திற என்று சைகை செய்தான். வீட்டு வயரிங்குக்கு நான் எப்போதும் வாங்குகிற வயர்ச் சுருளை எடுத்து வைத்தேன். அவன் நுனியைப் பிடித்து ஒருமுறை வளைத்துப் பார்த்தான். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த பள்ளிக்கூட நோட்டை எடுத்து எழுதினான்.

"ஒத்தைக் கம்பி ஆகாது. ஆடற எடத்துல முறிஞ்சுரும். நூல் நூலா இருக்கற வயரு வேணும்."

இருபத்திரண்டு வருடம் கழித்து என் தம்பி எனக்குச் சொன்ன முதல் வார்த்தை அது.

நோட்டில் எழுதி எழுதி அவன் வேலையைப் புரிய வைத்தான். அவன் மகள் புதுச்சேரியில் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். சென்னையில் படகுகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவள். அதுவரை நான் அவளைப் பார்த்ததே இல்லை. இந்தப் படகு, கிளப்பில் ஒருவர் வேண்டாமென்று விட்டுப் போனது. உடம்புக்கு முடியாமல் இவன் விலகியபோது கிளப்காரர்கள் இவனுக்கே கொடுத்துவிட்டார்கள். அதைத் தன் கையாலேயே சரி செய்து மகளுக்குக் கொடுக்கத்தான் மலைக்குக் கொண்டுவந்தான். மழை முடிந்ததும் அவள் வந்து எடுத்துப் போவாள். கடலில் போய்விட்டுத் திரும்பும்போது சில நாள் பொழுது சாய்ந்துவிடும். மோட்டார் வைத்த மீன்பிடிப் படகுகள் வேகமாக வரும்.

"இவ அங்க இருக்கறது அவங்களுக்குத் தெரியணும்" என்று எழுதி, பாய்மரத்தின் உச்சியைத் தொட்டுக் காட்டினான்.

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றியதில் அவன் விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன. வயரின் நூல்களைப் பிரித்துப் பிடிக்க முடியவில்லை. அதனால் ஒரு வயர்மேன் வேண்டியிருந்தது. ஊரில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், மூன்று பேரும் என்னைவிட இளையவர்கள். ஏன் என்னைக் கூப்பிட்டான் என்று அவன் மனைவியிடம் தனியாகக் கேட்டேன். "அவரு வேற ஆரையுஞ் சொல்லலீங்க" என்றாள்.

உச்சியிலிருந்த விளக்கைக் கழற்றினேன். கண்ணாடி மூடிக்குள் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. உப்புக்காற்று வயருக்குள்ளேயே புகுந்து தாமிரத்தைக் கரிக்கட்டை மாதிரி ஆக்கியிருந்தது. முப்பது வருடம் கம்பத்தில் ஏறி வேலை செய்தவன் நான், இப்படி ஒரு வயரைப் பார்த்ததில்லை. புது வயரைப் பழைய வயரின் நுனியில் கட்டி மறுபக்கம் இழுத்துவிடலாம் என்றேன். அதற்கு முன் பழையது நகருகிறதா பார்க்கலாமென்று இழுத்தேன். பாதி வந்ததும் அறுந்து கையோடு வந்துவிட்டது. மீதி உள்ளேயே மாட்டிக்கொண்டது. தம்பி என்னைக் கோபமாகப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவன் தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை என்பதால் அது சிரிப்பு என்று தெரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மாட்டியதை வெளியே எடுக்க ஒரு பகல் ஆயிற்று. பிறகு மீன்பிடி நரம்பில் ஒரு இரும்பு நட்டைக் கட்டிக் குழாய்க்குள் விட்டோம். நானும் அவன் மனைவியும் பாய்மரத்தின் ஒரு முனையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தோம். அவன் குழாயில் காதை வைத்து, நட்டு உருளுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கூடவே நகர்ந்தான். நின்றால் கையை உயர்த்துவான், நாங்கள் ஆட்டிக் கொடுப்போம். நட்டு அந்த முனையில் வந்து விழுந்ததும் அவன் அதை எடுத்து எங்களுக்குக் காட்டினான். மூன்று பேருக்கும் மூச்சு வாங்கியது. அவன் மனைவி டீ போட உள்ளே போனாள்.

நரம்பு போய்ச் சேர்ந்துவிட்டது, வயர்தான் இல்லை. ஈயம் பூசிய நூல் வயரை மகள் பார்சலில் அனுப்ப வேண்டும். அது வரும்வரை எனக்கு அங்கே வேலை கிடையாது. ஆனாலும் தினமும் பஸ் ஏறிப் போனேன். விளக்கு மூடியைத் துடைத்தோம். உப்புத்தாளால் படகின் பக்கங்களைத் தேய்த்தோம். மற்ற நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அப்படி ஒரு நாள் மதியம், அவன் மனைவி சோறு வடிக்க உள்ளே இருந்தபோது, நானாகத்தான் ஆரம்பித்தேன். அம்மா போன அன்றைக்கு விடிந்ததுமே தந்தி கொடுத்துவிட்டேன் என்றேன். அது சென்னைக்குப் போய்ச் சேரத் தாமதமாகிவிட்டது, நான் என்ன செய்ய முடியும் என்றேன். இதையே எல்லோரிடமும் அத்தனை வருடம் சொல்லியிருந்தேன். சொல்லிச் சொல்லி, காலையில் தபாலாபீஸ் வாசலில் நான் நின்றதுகூட எனக்கு ஞாபகம் இருப்பது போல ஆகிவிட்டது.

நடந்தது வேறு. அம்மா விடியற்காலையில் இறந்தாள். சேலத்துச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். தம்பி தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றால் நாங்கள் எழுந்து போய்விடுவோம் என்றார்கள். முதலில் காரியம் முடியட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுடுகாட்டிலிருந்து வந்து, குளித்துவிட்டு, ஈரத் தலையோடு போய்த்தான் தந்தி கொடுத்தேன். விடிந்ததும் கொடுத்திருந்தால் அன்று பொழுது சாய்வதற்குள் அவன் வந்திருப்பான். நாங்களும் காத்திருந்திருக்கலாம். அவன் மறுநாள் வந்தான். பஸ்ஸைவிட்டு இறங்கினதும், ரோட்டில் சிந்திக் கிடந்த செவ்வந்திப் பூவைப் பார்த்துவிட்டு வீடுவரைக்கும் வந்து, வாசலில் நின்று, அம்மா கட்டிலைப் பார்க்கணும் என்று மட்டும் கேட்டான். பார்த்துவிட்டுப் போனான்.

தம்பி நான் சொன்னதையெல்லாம் கேட்டான். நோட்டை மடியில் வைத்து நிதானமாக எழுதினான். எழுதி என் பக்கம் திருப்பினான்.

"தந்தியில குடுத்த நேரம் போட்டிருக்கும். சாயங்காலம் நாலே முக்கால். அன்னைக்கே பாத்துட்டேன்."

நான் படித்து முடித்தது தெரிந்ததும் பக்கத்தைத் திருப்பி இன்னொரு வரி எழுதினான். "சோறு ஆறுது. சாப்புடப் போலாம்."

அன்று அவர்கள் வீட்டில் நான் சாப்பிட்டேன். எழுந்து போக முடியாததால் சாப்பிட்டேன். என்ன குழம்பு என்று நினைவில்லை. பஸ்ஸில் வரும்போது என் பக்கத்தில் உட்கார்ந்தவர் உடம்புக்கு முடியலையா என்று கேட்டார். அத்தனை வருடமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம், ஊராரிடம் சொல்லியிருக்கலாம். அவன் செய்யவில்லை. அதை நினைக்க நினைக்க எனக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் நான் மாரமங்கலம் போகவில்லை.

மூன்றாம் நாள் அந்தப் பக்கம் போய்வருகிற பஸ்ஸின் கண்டக்டர் என்னைக் கடைவீதியில் நிறுத்தி, வயர் வந்துவிட்டதாம், வரச் சொன்னார்கள் என்றார். போனேன். தம்பி எதுவும் நடக்காதது போல வயர்ச் சுருளை என் கையில் வைத்தான்.

அவன் சொன்னபடியே செய்தோம். இரண்டு முழத்துக்கு ஒரு இடத்தில் வயரைச் சுற்றி ஸ்பாஞ்சுத் துண்டு வைத்துக் கட்டச் சொன்னான். எதற்கு என்றேன். "படகு நிக்கும்போது கம்பத்துக்குள்ள வயரு டக்கு டக்குனு அடிக்கும். உள்ள படுத்திருக்கறவங்களுக்குத் தூக்கம் வராது" என்று எழுதினான். நான் முறுக்கி டேப் சுற்றிப் போட்ட இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, வேண்டாம் என்று தலையசைத்தான். பித்தளைக் குழல் மாட்டி இடுக்கியால் நசுக்கி, மேலே ரப்பர் உறையைச் சூடு காட்டி இறுக்க வேண்டும். நான் எரிச்சலோடுதான் செய்தேன். என் தொழிலில் எனக்கு ஒருவன் பாடம் எடுப்பது பிடிக்கவில்லை, அதுவும் அவன். ஆனால் கை அவன் சொன்னதைச் செய்துகொண்டிருந்தது.

எல்லாம் முடிந்த அன்று மத்தியானம் மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது. களத்தின் அந்த முனை தெரியவில்லை. இதுதான் நல்ல நேரம் என்று அவன் கையாட்டினான். ஒரு கார் பேட்டரியை அடியில் வைத்து இரண்டு முனையையும் கொடுத்தேன். உச்சி விளக்கு எரிந்தது. முக்காலிமேல் படுத்துக்கிடந்த பாய்மரத்தின் நுனியில் வெள்ளையாக, சின்னதாக எரிந்தது. அவன் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்க்க வேண்டும் என்று அவன் ரோட்டுப் பக்கம் நடந்தான். நான் போகிறேன் என்றதற்கு, நீ விளக்கைப் பார்த்துக்கொள் என்று காட்டினான். அவனால் கூப்பிட முடியாது, விசிலும் அடிக்க முடியாது. அதனால் கையைத் தட்டினான். விளக்கு தெரிகிறவரை தட்டுவான் என்று நாங்களே புரிந்துகொண்டோம். பனிக்குள் அவன் மறைந்த பிறகும் சத்தம் வந்தது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. இறக்கத்தில் போகப் போகச் சத்தம் சன்னமாயிற்று. அப்புறம் வரவில்லை.

"போய்ப் பாருங்க மாமா" என்றாள் அவன் மனைவி. நான் ஓடினேன். அறுபது வயதில் ஓடினேன். வளைவு தாண்டி ஒரு சின்னப் பாலத்துக் கட்டைச்சுவரில் அவன் உட்கார்ந்திருந்தான். மூச்சு வாங்கியது, கழுத்துத் துணி வேகமாக உள்ளே போய் வெளியே வந்தது. கைகள் மடியில் கிடந்தன. நோட்டைக் களத்திலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தம்பி" என்றேன். "வேணும்னேதான் லேட்டாக் குடுத்தேன். நீ அவளோட வந்து நிப்பேன்னு பயந்துட்டேன். அம்மா உன்னைத்தான் கேட்டுட்டே இருந்தா. கடைசி நாலு நாளும் உன்னைத்தான் கேட்டா. அதையும் உங்கிட்டச் சொல்லலை."

அவன் என் பக்கம் திரும்பவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியே என் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி, கையை நீட்டிக் காட்டினான். பனி ஒரு நிமிடம் விலகியிருந்தது. மரங்களுக்கு நடுவில் அந்த வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தது. என்னை மன்னித்ததாகச் சொன்னானா, விளக்கு தெரிகிறது என்று மட்டும் சொன்னானா என்று எனக்குத் தெரியாது. நோட்டு கையில் இருந்திருந்தால் எழுதியிருப்பானா என்றும் தெரியாது. வீட்டுக்குத் திரும்பியதும் நான் நோட்டை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கி, பேட்டரியைக் கழற்றச் சொல்லி எழுதினான்.

பத்து நாள் கழித்து அவனுக்கு மூச்சுத் திணறி, சேலத்துக்குக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தான். மகள் முதல் நாளே வந்துவிட்டாள். அவள்தான் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள், நான் வராந்தாவில் இருந்தேன். அவன் தன் கையை அவள் கையில் வைத்தபடியே உயிரை விட்டான். மாரமங்கலத்துக்கே எடுத்து வந்தோம். அவளே கொள்ளி வைத்தாள். அதற்கு முகம் சுளிக்க எங்கள் சொந்தத்தில் யாரும் வந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து, மழையும் ஓய்ந்தபிறகு, படகை எடுத்துப்போக லாரி வந்தது. நானும் போயிருந்தேன். மகள் லாரியில் ஏற்றுவதற்கு முன்னால் பாய்மரத்தின் ஒவ்வொரு இணைப்பையும் இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு எங்கள் அம்மாவின் நெற்றி. அடிப்பக்கத்து இணைப்பு ஒன்றில் நின்றாள்.

"இதை யாரு போட்டது?"

"நான்தான்" என்றேன்.

"வயர் நூல் ரெண்டு மூணு வெளியவே நின்னிருக்கு. கடல்ல இது தாங்காதுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. பையிலிருந்து கத்தரியை எடுத்து அதை வெட்டினாள். நான் வயரைப் பிடித்துக்கொள்ள, அவள் நூல்களை முறுக்கிக் குழலுக்குள் விட்டு நசுக்கினாள். அவள் அப்பா எழுதிக் காட்டியபடியே செய்தாள். பெரியப்பா என்று அவள் கூப்பிடவில்லை. கூப்பிடச் சொல்லி நான் எப்படிக் கேட்பேன்?

தம்பி மனைவியும் மகளோடே போகிறாள் என்று தெரிந்ததும், அந்த நோட்டை எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அது எனக்கு வேணுமுங்க மாமா. அவரு பேசுனதுன்னு எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதானுங்க."

சரி என்றேன். அவள் வீட்டைப் பூட்டினாள். லாரி குப்பனூர் பாதையில் இறங்கியது. கொஞ்ச தூரத்துக்கு அதன் பின்னால் நடந்து, பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டேன்.

பொங்கலுக்குப் பொங்கல் தம்பி மனைவி போன் செய்வாள். உடம்பு எப்படி இருக்கிறது, மழை பெய்ததா என்று கேட்பாள். படகு நன்றாக ஓடுகிறது, விளக்கும் எரிகிறது என்று ஒரு முறை சொன்னாள். அந்தப் படகைத் தண்ணீரில் நான் பார்த்ததில்லை. அவர்கள் கூப்பிட்டதில்லை, நானாகப் போகவும் இல்லை.